கிராமசபையில் ஒற்றை ஆள்

இளைஞர் மன்றத்துக்குத் தலைவனான நாளிலிருந்து எல்லாமே கிங்ஸ்டன்தான். மனு எழுதுவது அவன், கொண்டுபோய்க் கொடுப்பது அவன், கூட்டத்தில் பேசுவது அவன், முடிந்தபின் நாற்காலிகளை அடுக்கி வைப்பதும் அவனே. அந்தக் கடற்கரை ஊரில் அவனைக் குறை சொல்ல ஆள் கிடையாது. என்ன செய்ய, கூட நிற்கவும் ஆள் கிடையாது.

போன கிராமசபையில் அது அம்பலமாகிவிட்டது. சாயங்கால பஸ் ஊருக்குள் வருவதில்லை. கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் மெயின் ரோட்டில் இறங்கி இருட்டுக்குள் நடந்து வருகிறார்கள். பஸ் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லி கிங்ஸ்டன் வெளுத்து வாங்கினான்.

"மன்றம் மன்றம்னு சொல்லுதியே தம்பி, மன்றம் எங்க?" என்றார் ஊராட்சித் தலைவர்.

திரும்பிப் பார்த்தான். மன்றத்து ஆள் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் சிரிக்க, தீர்மானம் தள்ளிப்போனது. தனியாக வீடு திரும்பும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

நாளை மறுபடியும் கிராமசபை. ஜெசிந்தா அக்காவைத் தேடிப் போனான். அவனுக்கு முந்தைய தலைவி அவள். மன்ற வேலையெல்லாம் அவளிடம் கற்றதுதான்.

"மன்றக் கூட்டத்துக்கு வந்தாலும் போனை நோண்டிட்டுப் போயிருதாங்கக்கா. யாருக்கும் அக்கறையே இல்ல. நான் மட்டும் எதுக்குக் கெடந்து சாகணும்?"

அக்கா அவனை மன்றத்துக்குக் கூட்டிப்போய் கேரம் போர்டை எடுத்து வைத்தாள்.

முதல் அடி அவளுடையது. காய் விழவில்லை. மறுபடியும் அவளே அடித்தாள்.

"அக்கா, இது என் சான்ஸ்."

"நீ தப்பா அடிச்சிருவ."

கிங்ஸ்டன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவள் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். நன்றாகத்தான் அடித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "போன்ல என்னல பாக்க?" என்றாள்.

அவன் கையைப் பார்த்தான். எப்போது எடுத்தான் என்றே தெரியவில்லை. வெட்கமாகிவிட்டது. போனைப் பைக்குள் போட்டான்.

"நாளைக்கு யாரைக்கா பேசச் சொல்ல?"

"தெனமும் இருட்டுல நடந்து வாரது யாரு?"

"நம்ம மன்றத்து ஷீலா. ஆனா அவ மைக்கைப் பிடிச்சாலே நடுங்குவாக்கா. பாதியில நின்னுட்டான்னா நாளைக்கும் தீர்மானம் போச்சு."

"போகட்டும்."

"எப்படிக்கா அதைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கது?"

"நீ மொத தடவை பேசுனப்ப நாக்கு கொழறி அப்படியே உக்காந்துட்டியே. அன்னைக்குத் தெருவிளக்குத் தீர்மானம் போச்சு."

"அன்னைக்கு நீங்க வரலன்னுல்லா நெனச்சேன்."

"கடைசி வரிசையில இருந்தேன். எந்திரிச்சி உனக்காகப் பேசிறக் கூடாதுன்னு நாற்காலியை இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன்."