குதிக்காத முகம்

இக்கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியில் கணினி கற்பித்த மரகதவல்லி. சொற்களை மட்டும் நான் திருத்தியிருக்கிறேன்.

மலையடிவாரத்து மடம் ஒன்றில், கல்லூர் அடிகளிடம் ஆவுடையப்பன், பிச்சாண்டி என இருவர் பயின்றனர். பிச்சாண்டி இணையத்தில் ஓர் இலவசத் தளத்தில் கட்டுரை எழுதிவந்தான். அடிகள் அவற்றைக் காலையில் கணினியில் படிப்பார். மாலை வகுப்பில் எடுத்துச் சொல்வார்.

ஆவுடையப்பனுக்கு அது பொறுக்கவில்லை. அவனும் எழுதுகிறவன்தான். தன் பெயரை அடிகள் ஒருமுறையேனும் வகுப்பில் சொல்ல வேண்டும். அதற்கு மேல் அவன் எதையும் விரும்பவில்லை.

பிச்சாண்டியிடம் பட்ட இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க் கடனைத் தீர்க்க அவன் பணம் சேர்த்து வைத்திருந்தான். அதைக் கொண்டுபோய் ஒரு விளம்பர நிறுவனத்திடம் கட்டினான்.

மறுநாள் முதல், பிச்சாண்டியின் கட்டுரையைத் திறந்தால் அதன் நடுவே ஆவுடையப்பனின் முகம் குதித்தது. கண் சிமிட்டியது. ‘என்னையும் படியுங்கள்’ என்று எழுத்துகள் மின்னின. மூடும் குறி கடுகளவே இருந்தது. அதைத் தொட்டால் முகம் இன்னும் பெரிதாயிற்று.

ஒரு மாதம் அதையே தன் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தான். அடிகளோ வகுப்பில் பிச்சாண்டியைப் பற்றியே பேசினார்.

ஒருநாள் அவரிடமே சென்று கேட்டான்.

“சுவாமி, பிச்சாண்டியின் பக்கத்தில் எதையேனும் கண்டீர்களா?”

“கண்டேன். இரண்டாம் பத்தி சற்று நீளம்.”

“அதன்மேல் ஒன்று குதித்திருக்குமே!”

“எது? தவளையா?”

“என் முகம், சுவாமி.”

அடிகள் கணினியை அவன் பக்கம் திருப்பினார். எழுத்துகள் மட்டும் அசையாமல் நின்றன.

“என் கைப்பேசியில் ஆடுகிறதே!”

“ஆடும் விளம்பரம் எதையும் காட்டாதே என்று என் உலாவிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அமைப்புகளில் ஒரு குறி இட்டால் போதும்.”

“யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?”

“என் கண்ணை எதன்மேல் வைப்பது என்று நான் யாரையப்பா கேட்க வேண்டும்?”

“அப்படியானால் என்னையல்லவா தடுத்துவிட்டீர்கள்!”

“உன்னையா? என் அறைக்குக் கதவே இல்லையே. நீ எழுதியதைக் கையில் கொண்டுவந்திருந்தால் படித்திருப்பேன். இப்போதும் படிக்கிறேன். இந்த மாதம் எழுதியதைக் கொடு.”

அந்த மாதம் ஆவுடையப்பன் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் கைப்பேசியை விற்றுவிட்டுப் பிச்சாண்டியிடம் போனான்.

“மாதம் முழுக்க என் கட்டுரைமேல் குதித்தாயே, தலை சுற்றவில்லையா?” என்றான் பிச்சாண்டி.

ஆவுடையப்பன் அவன் கையைப் பிடித்துப் பணத்தை வைத்தான். இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.