சத்தம் போடாத மிக்ஸி

எங்கள் வெள்ளாட்டுப்புதூரில் மூன்று அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். மூத்தவன் ஆறுச்சாமி, நடுவன் வேலப்பன், இளையவன் தண்டபாணி. அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஒரு தடவை அதற்கு வெள்ளையடித்தபோது சொட்டின சுண்ணாம்பு இன்னும் என் கதவில் இருக்கிறது. துடைத்துத் தருகிறோம் என்று சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்காக நான் இதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தண்டபாணிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன்மார் இருவருக்கும் ஆகவில்லை, ஆனால் அவர்கள் ஆசையை விட்டுவிட்டார்கள். தம்பிக்காவது முடிக்க வேண்டும் என்று அவர்களுடைய அக்காள் மாராத்தாள் அலையாத ஊர் இல்லை. இரண்டு சம்பந்தம் கூடி வந்து, சாப்பாட்டு இலையிலேயே முறிந்து போயின. மூன்றாவதாகச் சென்னியப்பன் என்று ஒருவர், மகளைத் தருவதற்கு முன்னால் வீட்டைப் பார்த்து ஒரு வாய் சாப்பிட்டுப் போக வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் பார்த்துப் பழைய மிக்ஸி செத்துப்போனது. "தேங்காயைப் போட்டு அரைங்கடா" என்று மாராத்தாள் சொல்லியிருந்தாள். கொட்டாங்குச்சியை எடுக்கச் சொல்லவில்லை. எடுக்காமலே அரைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாராத்தாள் வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை வெறும் இட்லியவா இலையில வெக்கறது? இந்தச் சம்பந்தமும் போச்சுன்னா நான் இனி எந்த ஊருக்கும் போக மாட்டேன், ஆமா. போய்ப் புது மிக்ஸி வாங்கிட்டு வாங்க. சத்தம் போடாததாப் பாருங்க, பழசு ஊரையே எழுப்புச்சு. ஒத்தக் கையில தூக்கற மாதிரி இருக்கோணும். கடைக்காரன் சொல்றதை நம்பாதீங்க, உங்க புத்தியில பாத்து வாங்குங்க."

இதில் கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது. யாரும் கவனிக்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் மறந்துவிடும் என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒருத்தன் பங்கில் இன்னொருத்தன் தலையிட மாட்டான். சத்தம் ஆறுச்சாமிக்கு. கனம் வேலப்பனுக்கு. கடைக்காரனை நம்பாமல் இருப்பது தண்டபாணிக்கு.

துணைக்கு என்னையும் டவுனுக்குக் கூட்டிப் போனார்கள். கடை வாசலுக்குப் போனதும், "உங்களுக்குப் பங்கு எதுவும் இல்லீங்களே மாமா" என்று சொல்லிச் செருப்புகளுக்குக் காவலாக நிறுத்திவிட்டார்கள். அதையும் நான் மறக்கவில்லை. கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது.

"வாங்கண்ணா, உக்காருங்க" என்று கடைப் பையன் நாற்காலியைக் காட்டினான். அவனுக்கே நாற்பது வயதிருக்கும், ஆனாலும் கடைப் பையன்தான்.

"அவன் சொல்றான், உக்காராதீங்க" என்றான் தண்டபாணி. மூவரும் நின்றார்கள்.

ஆறுச்சாமி நேரே அலமாரிக்குப் போனான். ஒவ்வொரு மிக்ஸியிலும் காதை வைத்துக் கேட்டான். முப்பது மிக்ஸி இருக்கும். முடித்துவிட்டுத் திரும்பி, "நல்ல கடைதான்டா. ஒண்ணுகூட சத்தம் போடலை" என்றான்.

கடைப் பையன் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துப் பிளக்கில் சொருகித் திருகினான். அது உறுமியது. ஆறுச்சாமி பின்னால் துள்ளினான்.

"நல்லா இருந்ததைக் கைய வெச்சுக் கெடுத்துட்டீங்களே!"

"இல்லீங்கண்ணா, ஓடினா சத்தம் வரத்தானுங்க செய்யும்."

"நம்பாதே" என்றான் தண்டபாணி.

அதற்குள் வேலப்பன் இடது கையைத் துண்டால் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். தெரியாமல் அந்தக் கை ஒத்தாசைக்கு வந்துவிட்டால் கணக்குத் தப்பிவிடும் அல்லவா. வலது கையால் ஒவ்வொன்றாகத் தூக்கினான். எல்லாம் கனம். நாலாவதைக் கீழே போட்டான். ஆறாவதைக் கடைப் பையன் காலில் போட்டான்.

கடைசியில் வாசல் கண்ணாடிக்குள் அலங்காரத்துக்கு வைத்திருந்த மிக்ஸியிடம் வந்தார்கள். பார்வைக்கு அத்தனையிலும் அழகானது அதுதான். சிவப்பு நிறம், வெள்ளிப் பூச்சு அடித்த பிளாஸ்டிக் ஜாடி. வேலப்பன் இரண்டு விரலால் தூக்கிவிட்டான். ஆறுச்சாமி காதை வைத்தான். திருகைத் திருப்பிவிட்டு மறுபடியும் வைத்தான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

"திருகின பின்னாலயும் சத்தமே இல்லடா!"

"அண்ணா, அது சும்மா பார்வைக்கு வெச்சதுங்க" என்று கடைப் பையன் நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். "உள்ளே மோட்டாரே இல்லீங்க. ஜாடிக்குள்ள பிளேடு இல்லை. பாருங்க, ஒயர்கூட இல்லீங்க."

மூவரும் தண்டபாணியைப் பார்த்தார்கள். மூவரில் தண்டபாணியும் ஒருத்தன், ஆனாலும் அவனும் தன்னைத்தான் பார்க்க முயன்றான். பொறுப்பு அவனுடையது.

"நல்ல சரக்கைக் குடுக்க எவனுக்குத்தான் மனசு வரும்? இத்தனை குத்தம் சொல்றான்னா இதுதான் உசத்தி."

முதலாளி உள்ளிருந்து வந்தார். ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தார். உண்மையைச் சொல்லச் சொல்ல அவர்களுக்கு உறுதி கூடிக்கொண்டே போனது. கடைசியில் அவர், "சாமி, அதைச் சும்மாவே எடுத்துட்டுப் போங்க, கடையை விட்டுப் போனாப் போதும்" என்று கும்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். சாப்பிடுவதற்கு இல்லை. விருந்தாளிகள் உட்கார என் வீட்டுப் பாய் வேண்டுமாம். பாயோடு நானும் போய் ஓரமாக நின்றேன்.

மாராத்தாள் தன் ஊரிலிருந்து விருந்தாளிகளோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். முன்னாலேயே போனில் சொல்லியிருந்தாள்: "தேங்காயைச் சில்லாக்கி, மிளகா, பொட்டுக்கடலை போட்டு அரைங்க. மூடிய அமுத்திப் புடிச்சுக்குங்க. ஓடறப்ப மட்டும் திறந்துராதீங்கடா, மேலெல்லாம் தெறிக்கும்."

எல்லாம் போட்டார்கள். வேலப்பன் திருகைத் திருப்பினான். ஆறுச்சாமி மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினான்.

"ஓடுதா?" என்றான் தண்டபாணி.

"சத்தத்தைக் கேட்டாத் தெரியலியா? ஒண்ணுமே கேக்கலை. நல்லா ஓடுது."

அப்படியே அரை மணி நேரம் நின்றார்கள்.

சென்னியப்பன் வந்தார். நல்ல உயரம், பெரிய மீசை, வெள்ளை வேட்டி. வந்தவர் பாயில் உட்கார்ந்தார். இலை போட்டார்கள். இட்லி வந்தது. சட்னி வரவில்லை.

"சட்னி?" என்றார்.

"அரைபட்டுட்டு இருக்குதுங்க" என்றான் ஆறுச்சாமி சமையல்கட்டிலிருந்து.

சென்னியப்பன் காது கொடுத்துக் கேட்டார். எழுந்து உள்ளே போனார். பின்னாலேயே ஓடிய மாராத்தாள் சிவப்புப் பெட்டியைப் பார்த்தாள். ஒயர் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். தம்பிகளைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தலைக்கு மேல் சுற்றின ஃபேன் மெல்ல மெல்ல நின்றது.

"அடடா, போச்சா. மிக்ஸியும் நின்னிருக்குமே" என்றார் சென்னியப்பன்.

ஆறுச்சாமி குனிந்து காதை வைத்தான். நிதானமாகக் கேட்டான். "இல்லீங்க. முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியேதான் ஓடுது."

சென்னியப்பனும் குனிந்து காதை வைத்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"எங்க வீட்டுல கரண்ட் இருந்தாக்கூட மிக்ஸி ஓடறதில்லீங்க. என்ற பொண்ணு அம்மியில அரைச்சு அரைச்சுக் கை காச்சுப் போயிருக்குது. அவ வாழ வேண்டிய வீடு இதுதான்."

பிறகு மாராத்தாள் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்கம்மா? நெசமா ஓடுதா?"

மாராத்தாள் முட்டாள் இல்லை. ஆனால் அவளுக்கும் கால் வலிக்கும் அல்லவா. முப்பத்தெட்டு வயதுத் தம்பியைப் பார்த்தாள். இனிமேல் ஏறி இறங்க வேண்டிய பஸ்களை நினைத்தாள்.

"ஓடிட்டுத்தானுங்க இருக்குது" என்றாள். இட்லிக்குத் தயிரும் சர்க்கரையும் கொண்டுவந்து வைத்தாள். அங்கேயே தாம்பூலம் மாற்றினார்கள். எனக்கு ஒரு வெற்றிலைகூட வரவில்லை.

"பாவம், ரொம்ப நேரமா ஓடுது. நிறுத்திருங்க" என்றார் சென்னியப்பன்.

வேலப்பன் திருகைப் பழையபடி திருப்பினான்.

"நின்னுருச்சா?" என்றான் தண்டபாணி.

ஆறுச்சாமி கேட்டுப் பார்த்தான். "சத்தம் இல்லை."

"ஓடறப்பவும் சத்தம் இல்லியே அண்ணா."

"அதுவும் சரிதான்."

"அப்ப ஓடுதோ என்னமோ?"

"ஓடாமயும் இருக்கலாம்."

மறுபடி திருகினார்கள். மறுபடி நிறுத்தினார்கள். எத்தனை தடவை எந்தப் பக்கம் திருகினோம் என்பதும் மறந்துபோனது. கடைசியில் சென்னியப்பன்தான் தீர்ப்புச் சொன்னார்: "சந்தேகம் இருக்கறப்ப திறக்கக் கூடாதுங்க. தெறிச்சுருச்சுன்னா? புடிச்ச கையை எடுக்காதீங்க."

எடுக்கவில்லை. மூவரும் முறை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தன் பிடித்தால் ஒருத்தன் சாப்பிடுவான், ஒருத்தன் தூங்குவான்.

பதினோராம் நாள் முகூர்த்தம், பெண் ஊர்க் கோயிலில். ஓடுகிற மிக்ஸியை வீட்டில் தனியாக விட்டுப் போக முடியுமா? காரின் முன் சீட்டில் வேலப்பன் மடியில் மிக்ஸி. எனக்குப் பின்னால் வாழைத்தார்களுக்கு நடுவில் இடம்.

மணவறைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அதன் மேல் வைத்தார்கள். பூப்போட்ட துண்டு ஒன்றைப் போர்த்தினார்கள். ஆறுச்சாமி பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மூடியை அமுக்கியபடி நின்றான். அதிலிருந்து கிளம்பிய வாடைக்கு மேளக்காரர் இரண்டு தடவை வாசிப்பை நிறுத்தினார். ஐயர் மூக்கைப் பொத்திக்கொண்டே மந்திரம் சொன்னார்.

மூத்தவன் அட்சதை போட வேண்டிய நேரம் வந்தது. சென்னியப்பன் பெருந்தன்மையாக முன்னால் வந்து மூடியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். ஒரு கை மூடியில் இருக்க, மறு கையால் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். தண்டபாணி தாலி கட்டினான்.

கெட்டிமேளம் ஓய்ந்ததும் சென்னியப்பன் குனிந்து மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். முகத்தில் ஒரு திருப்தி.

"மாப்பிள்ளே, வாசத்தைப் பாத்தீங்களா? இப்பத்தான் அரைபடவே ஆரம்பிச்சிருக்குது" என்றார்.