இரட்டை ஆறு நகராத இடம்

ஊத்துமேட்டு ஜமீன்தார் எப்போது பகடை வீசினாலும் இரட்டை ஆறுதான் விழும். கைராசி என்பார். தன் பகடையைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். வெள்ளையம்மாளின் அண்ணன் அவரிடம் சூதாடி, விதைக்கிற காட்டைத் தோற்று, அரளி விதையைத் தின்று செத்தான். நியாயம் கேட்கப்போன அவள் புருஷன் ஜமீன் கொட்டடியில் அடைபட்டுக் கிடந்தான்.

"சொக்கட்டானில் என்னை ஜெயி, அவனை விடுகிறேன்" என்று ஊரார் முன்னால் சிரித்தார் ஜமீன்தார்.

ஆட்டத்தின் கடைசியில் அவருக்கு ஒரே காய்தான் மிச்சம். அவளுடைய பகடையில் இரட்டை மூன்று விழுந்தது. ஒரு காயைக் கடைசிக் கட்டத்தில் ஏற்றிப் பழமாக்கியிருக்கலாம். அவளோ இரண்டு காய்களை நகர்த்தி, அவர் காய்க்கு முன்னால் சரியாக ஆறாவது கட்டத்தில் ஜோடியாக நிறுத்தினாள். ஜோடி நிற்கும் கட்டத்தில் எதிரி இறங்கவும் கூடாது, அதைத் தாண்டவும் கூடாது.

ஜமீன்தார் வீசினார். இரட்டை ஆறு. காய் நகரவில்லை. மறுபடியும் இரட்டை ஆறு. அவள் மற்ற காய்களை ஒவ்வொன்றாகப் பழமாக்கினாள்.

"வேற பகடை எடுங்கடா!"

"எடுங்க சாமி. இதுல ஆறைத் தவிர வேற விழாதுன்னு எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுங்க."

ஜமீன்தார் பலகையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். ஆட்டம் அவளுடையதானது; கொட்டடியைத் திறந்துவிட்டார்கள்.

நடக்க முடியாத புருஷனைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தவளிடம், "பகடை பொய்யின்னு எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்றார் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் மணியக்காரர்.

"எங்கண்ணன் ஆடினப்பவே உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே ஐயா" என்றாள்.