மாசிலாமணி அளந்த சுரங்கம்

ஒரு ஊர்ல, ஊருக்கு நட்டநடுவுல, மணிக்கூண்டுக்குக் கீழ ஒரு சோடாக்கடை இருந்துச்சு. கடைக்காரர் பேரு மாசிலாமணி. சோடா பாட்டிலைத் திறந்தா 'டுப்'புனு சத்தம் வரும்ல, அதுக்கு முன்னாடியே இவரு வாய் திறந்துடும். அப்படி ஒரு வாய். ம் கொட்டு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

அந்த ஊர்ல ஒரு பழைய அரண்மனை, ஒரு பெரிய கோயில், ராஜா காலத்துக் கத்தி கேடயமெல்லாம் வச்ச ஒரு மியூசியம். மூணும் சோடாக்கடைக்குக் கூப்பிடு தூரம். வெளியூர்க்காரங்க பஸ் பஸ்ஸா வந்து இறங்கி, "அண்ணே, இங்க பார்க்க என்ன இருக்கு?"ன்னு கேப்பாங்க. இவரு உடனே கையை ஆட்டி, "சுரங்கம் இருக்கு தம்பி! ராஜா குதிரையோட உள்ள பூந்து தேன்மலையில வெளிய வந்தாரு. இன்னிக்கும் அங்க வரைக்கும் போகுது"ன்னு அளந்து விடுவாரு.

ஒரு ரகசியம் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாத. பொறந்ததுலேருந்து அந்த ஊர்லயே இருக்காரே மனுஷன், அரண்மனைக்குள்ள ஒரு தடவைகூட கால் வச்சதில்ல. "எங்க ஓடிடப் போவுது? நாளைக்குப் பார்த்தாப் போச்சு"ம்பாரு. கோயிலா? கோபுர தரிசனம் கோடி புண்ணியம்னு கடையிலேருந்தே ஒரு கும்பிடு.

அப்போ அவரு தங்கச்சி சொர்ணம், மகள் அல்லியைக் கூட்டிக்கிட்டு வந்து சேர்ந்தா. அதுவரைக்கும் அவங்க தேன்மலையில, தேயிலைத் தோட்டத்துல, நாத்தனார் வீட்டுல இருந்தாங்க. அல்லிக்கு அப்பா இல்ல. சொர்ணத்துக்கு இங்க ஒரு ஜவுளிக்கடையில வேலை கிடைச்சுது, அதான் வந்தாங்க. அல்லிக்கு உன் வயசுதான் இருக்கும். அவளுக்கு ஊரு பிடிக்கவே இல்ல. "புழுக்கமா இருக்கு, ஒரே பஸ் ஆரன் சத்தமா இருக்கு, அத்தைகிட்ட போகணும்"னு ஒரே அழுகை. சோறு இறங்கல, தூக்கம் இல்ல. நீ மட்டும் என்ன, தூங்கறியா? ம்.

சொர்ணம் அண்ணன்கிட்ட வந்தா. "என்னால பார்க்க முடியலண்ணே. நாளைக்கு சாயங்கால பஸ்ல அவளை அத்தைகிட்டயே அனுப்பிடறேன். அவ அங்க சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும். நான் இங்க தனியாக் கிடந்து உழைச்சுக்கறேன்"னு சொல்லிட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சா.

மாசிலாமணிக்கு அது சரியாப் படல. பெத்தவ ஒரு ஊர்ல, பிள்ளை ஒரு ஊர்லயா? "பொறு சொர்ணம். நாளைக்கு நான் அவளுக்கு ஊரைச் சுத்திக் காட்றேன். பார்த்துட்டும் அழுதான்னா அனுப்பு"ன்னாரு.

மாமா வெளியூர்க்காரங்ககிட்ட அளக்கறதைக் கேட்டிருந்த அல்லி, மெல்ல வந்து கேட்டா. "மாமா, அந்தச் சுரங்கம் நெசமாவே தேன்மலை வரைக்கும் போகுதா?"

"பின்னே? மாமா பொய் சொல்வேனா?"

அவ்வளவுதான், அழுகை நின்னு போச்சு. ஒரு துணிப்பையில கவுனையும் ஒரு பன்னையும் வச்சு, காலையில தோள்ல மாட்டிக்கிட்டு நின்னா. பிள்ளைக்கு ஊர் சுத்த ஆசை வந்துடுச்சுன்னு மாமாவுக்கு ஒரே சந்தோஷம்.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. நல்ல நாளுன்னு கிளம்பினாங்க. முதல்ல மியூசியத்துக்குப் போனா, கதவுல யானைத்தலை மாதிரி ஒரு பூட்டு. மாமா பிடிச்சு லொட லொடன்னு ஆட்டினாரு. வாட்ச்மேன் எட்டிப் பார்த்தாரு.

"வெள்ளிக்கிழமை லீவுய்யா. எந்த ஊரு நீங்க?"

மாசிலாமணிக்குச் சொல்ல வெக்கம். "கொஞ்சம் தூரம்"னாரு.

"மாமா, நம்ம கடை அந்தா தெரியுதே!"ன்னா அல்லி.

வாட்ச்மேன் சிரிச்சாரு. அல்லி விடல. "தாத்தா, சுரங்கம் இங்கயா இருக்கு?"

"சுரங்கமா? அது கோயில்லல்ல இருக்கு! குதிரை என்ன குதிரை, யானையே போகும்"னாரு. அவரு பங்குக்கு அவரும் அளந்தாரு.

அப்புறம் கோயிலுக்குப் போனாங்க. செருப்பை வாசல்ல விட்டுட்டு உள்ள கால் வச்சா, நல்ல உச்சி வெயிலு, கல்லு கொதிக்குது. சுர்ர்ர்! "ஆ... ஊ... அம்மாடி!"ன்னு மாசிலாமணி ஒத்தக்கால்ல குதிச்சுக் குதிச்சு ஓடறாரு. சன்னிதிக்குப் போனா, நடை சாத்தியாச்சு. மண்டபத்து நிழல்ல பூக்கட்டிக்கிட்டிருந்த அம்மா, "உச்சிப்பூசை முடிஞ்சா நடை சாத்துவாங்கன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியுமே, உனக்குத் தெரியாதா?"ன்னு கேட்டுச்சு.

அல்லி அந்தம்மாகிட்டயும் சுரங்கத்தைக் கேட்டா.

"அது அரண்மனையில இருக்கு கண்ணு. ஒரு கல்யாண ஊர்வலமே உள்ள போயிடுச்சாம். இன்னும் டும் டும்னு மேளச்சத்தம் கேக்குதாம்."

"யாரு சொன்னா?"

"மணிக்கூண்டுக்குக் கீழ ஒரு சோடாக்கடைக்காரர் இருக்காராமே, அவரு சொன்னாராம்."

மாசிலாமணி மூஞ்சியைப் பார்க்கணுமே! துண்டால முகத்தைத் துடைக்கற மாதிரி மூடிக்கிட்டாரு. தான் விட்ட பொய்யி ஊரைச் சுத்தி வந்து தன் மடியிலயே உக்காந்துக்கிச்சே.

வெளிய வந்தா அல்லி செருப்பைக் காணோம். "போனாப் போவுது, பீடை ஒழிஞ்சுது"ன்னு சொல்லி, அவளைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டாரு. வெயில்ல அப்படியே அரண்மனைக்கு நடந்தாரு. அவ தோள்பை அவரு காதுல இடிச்சுக்கிட்டே வந்துச்சு. ஊர் சுத்தற பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பைன்னு அப்பத்தான் அவருக்கு லேசா உறைச்சுது. ம்? முழிச்சிருக்கியா? சரி.

அரண்மனை திறந்திருந்துச்சு! உள்ள சிலுசிலுன்னு இருந்துச்சு. கட்டிப்பிடிச்சா கைக்கு எட்டாத தூணு. படபடன்னு புறா. கடைசிச் சுவத்துல ஒரு பொந்து, அதுக்கு இரும்புக் கம்பி, உள்ள ஒரே இருட்டு. அல்லி ஓடிப்போய்க் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "அத்தே!"ன்னு கூப்பிட்டா.

"...த்தே... த்தே..."ன்னு உள்ளேருந்து வந்துச்சு.

அவ முகம் அப்படியே மலர்ந்து போச்சு. "மாமா, நான் போயிட்டு வரேன். அம்மாகிட்ட சொல்லிடு. அழ வேணாம்னு சொல்லு. கம்பியை மட்டும் திறக்கச் சொல்லு மாமா."

மாசிலாமணிக்கு அப்பத்தான் புரிஞ்சுது. இந்தப் பிள்ளை ஊர் பார்க்க வரல, ஊரை விட்டுப் போக வந்திருக்கு. தான் அளந்த சுரங்கத்தை நம்பி, பன்னைக் கட்டிக்கிட்டு வந்திருக்கு. அப்படியே கீழ உக்காந்துட்டாரு.

"அல்லி, சுரங்கம் இல்லம்மா. மாமா சும்மா அளந்து விட்டேன். இந்த அரண்மனைக்குள்ளயே நான் இன்னிக்குத்தான் வரேன்."

அல்லி சத்தம் போட்டு அழல. பையை மட்டும் இறுக்கிக் கட்டிக்கிட்டா. "அப்ப அத்தைகிட்ட போக வழியே இல்லியா?"ன்னா.

மாமா எழுந்தாரு. சுத்திப் பார்த்தாரு. ஓரமா ஒரு குறுகல் படிக்கட்டு மேல போச்சு. "மேல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் போய்ப் பார்ப்போமா?"ன்னாரு. மாமா தெரியாதுன்னு சொல்லி அவ கேட்டதே இல்ல. கையை நீட்டினா.

தட்... தட்... தட்... ஏறினாங்க. ஒரே இருட்டு. கிரீச் கிரீச்சுனு வௌவாலு. மாமாவுக்குப் புஸ் புஸ்ஸுனு மூச்சு வாங்குது. "போதும் அல்லி, திரும்பிடுவோமா?"ன்னாரு. "இன்னும் கொஞ்சம் மாமா"ன்னு அவதான் இழுத்துக்கிட்டுப் போனா. அரண்மனைக் கோபுரத்து உச்சிக்கு வந்தாங்க. குப்புனு காத்து அடிச்சுது பாரு, அப்படி ஒரு காத்து! கீழ கோயில் கோபுரம், மணிக்கூண்டு, தீப்பெட்டி மாதிரி மாமா கடை.

அப்போ அல்லி தூரத்துல கையை நீட்டினா. "மாமா, அது என்ன, நீலமா?"

"மேகம்."

"மேகம் இல்ல மாமா! ரெண்டு திமிலு இருக்கு பாரு. அது தேன்மலை!"

ஆமா, தேன்மலையேதான். அல்லி துள்ளித் துள்ளிக் கையை ஆட்டினா. திடீர்னு நின்னு கேட்டா. "மாமா, அத்தை வீட்டு வாசல்ல நின்னு பார்த்தா, கீழ தூரத்துல ஒரு குச்சி நட்டு வச்ச மாதிரி தெரியும். தினம் அதைக் காட்டித்தான் அத்தை எனக்குச் சோறு ஊட்டும். அந்தக் குச்சி இதுதானா?"

மாசிலாமணிக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. "இதுதாம்மா. இதுவேதான்"னாரு. இந்தத் தடவை அளக்கல.

அதுக்குள்ள சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாங்க. சொர்ணம் பெட்டியோட நிக்கறா, கண்ணு வீங்கியிருக்கு. பஸ்ஸு பாம் பாம்னு கூப்பிடுது. அல்லி அம்மா முந்தானையைப் பிடிச்சு இழுத்தா.

"பஸ்ஸைப் போகச் சொல்லும்மா. இங்கேருந்தே நம்ம மலை தெரியுது! நாளைக்கு வா, உனக்குக் காட்டறேன்."

சொர்ணம் அப்படியே பெட்டி மேல உக்காந்து அழுதா, அழுதுக்கிட்டே சிரிச்சா. அவளுக்கும் அந்த மலை ஏக்கந்தான். வாயை விட்டுச் சொல்லாம வச்சிருந்திருக்கா. பஸ்ஸு புர்ர்ருனு போயிடுச்சு. அல்லி பையில இருந்த பன்னை எடுத்து, மூணு பேரும் பிச்சுத் தின்னாங்க.

அதுக்கப்புறம் அல்லி அழவே இல்லியான்னு கேக்காத. அழுதா. ஆனா அழுகை வந்தா மாமா கையைப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறிடுவா, இறங்கும்போது பசிக்குதும்பா.

ஒரு நாளு ஒரு வெளியூர்க்காரர் கடைக்கு வந்து, "அண்ணே, இங்க மலை வரைக்கும் போற சுரங்கம் இருக்காமே?"ன்னாரு. மாசிலாமணி வாயைத் திறந்தாரு. பெஞ்சுல உக்காந்து காலை ஆட்டிக்கிட்டிருந்த அல்லி, அவரையே பார்த்தா. அவரு வாயை மூடிக்கிட்டு சோடாவைத் திறந்தாரு, டுப்!

"சுரங்கம் இல்ல தம்பி, படிக்கட்டு இருக்கு. ஏறிப் பாருங்க. உங்க ஊரு தெரிஞ்சாலும் தெரியும்."

ம்? சத்தத்தையே காணோம். சரி, கதை மலையேறியாச்சு, விளக்கும் மலையேறட்டும். தூங்கு கண்ணு.