அரியணை சோளக்காட்டுக்குப் போன கதை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைக் கேட்காதீர்கள். அந்த அரசரின் வாரிசு யாராவது இன்னும் இருந்து தொலைத்தால் எனக்கு எதற்கு வம்பு? அரசர் நல்லவர்தான். ஆனால் அவருக்கு யோசனையெல்லாம் நாக்கில் பிறக்கும். பலாப்பழம் பிடித்துப்போன வருஷம், நாட்டிலிருந்த மாமரத்தையெல்லாம் வெட்டச் சொன்னார். அந்தப் பித்துத் தெளிவதற்குள் பாதித் தோப்பு விறகாகிவிட்டது.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் துறைமுகத்துக்குப் போனார். அங்கே கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன், தன் வீட்டுக் கொல்லையில் புதுச் சோளம் போட்டிருந்தான். அந்த நாட்டு மக்காச்சோளம் மஞ்சளாக, கல் மாதிரி இருக்கும். காயவைத்துக் குதிரில் கொட்டினால் அடுத்த மழை வரைக்கும் கூழுக்கு ஆகும். வணிகனின் சோளமோ பால்வெள்ளை. இன்றைக்குக் கடற்கரையில் ஸ்வீட் கார்ன் என்று ஆவி பறக்க விற்கிறார்களே, அதற்குப் பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேன்சோளம் என்றான் வணிகன். முதலில் அடுப்பில் உலை வைத்தான். நீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் கதிரை ஒடித்தான், ஓடிவந்து தோகையை உரித்து உலையில் போட்டான்.

"ஒடித்த கணத்திலிருந்தே இனிப்பு இறங்கத் தொடங்கிவிடும், மகாராஜா. அதனால்தான் இந்த ஓட்டம்" என்றான்.

அரசர் அதைக் காதில் வாங்கவில்லை. வாய் வேலையாக இருந்தது. கூடப் போயிருந்தவர்களில் இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். ஒருவன் அரசவை விகடன் வேம்பன். மற்றவர் அரண்மனைப் பண்டகசாலை அதிகாரி மகரபூஷணர். வேம்பனின் ஒவ்வொரு பேச்சுக்கும் அரசர் சிரிக்கும்போது மகரபூஷணருக்கு வயிறு எரியும்.

மறுநாள் சபையில் அரசர் ஆணையிட்டார். "வருகிற பட்டத்திலிருந்து நம் நாட்டில் தேன்சோளம் மட்டுமே விளைய வேண்டும். மஞ்சள் சோளம் விதைப்பவனுக்குச் சிறை!"

சபை வாயை மூடிக்கொண்டது. வேம்பனுக்கு மட்டும் வாய் அரித்தது. "அற்புதமான ஆணை, அரசே! இனி எலிகள் நம் குதிர்களைத் தேடி வரமாட்டா. பட்டினி கிடக்க எந்த எலிக்குத்தான் ஆசை?"

எப்போதும் முதலில் சிரிக்கிற அரசர் அன்று சிரிக்கவில்லை. விகடனுக்கு அதைவிட ஆபத்தான சத்தம் உலகத்தில் இல்லை.  மகரபூஷணர் மெல்ல எழுந்தார்.

"அரசே, சினம் வேண்டாம். சோதித்தே பார்ப்போம். வெள்ளை விதையை வேம்பனே பயிரிடட்டும். அறுவடைத் திருநாளன்று தாங்கள் அரியணையில் அமர்ந்தபடி கதிரை உண்ணவேண்டும். துறைமுகத்தில் சுவைத்த இனிப்பில் ஒரு துளியும் குறையக் கூடாது. குறைந்தால், அரச ஆணையைப் பழித்த தலை உடம்பில் எதற்கு?"

"நன்று" என்றார் அரசர். "இனித்தால், எந்த நிலத்தில் எந்தச் சோளம் என்று வேம்பனே முடிவு செய்யட்டும். இனிக்காவிட்டால் அவன் தலையைப் பற்றி நான் முடிவு செய்கிறேன்."

பயிரிட வேம்பனுக்குக் கொடுத்த நிலம், விடியலில் மாட்டுவண்டி கட்டினால் வெயில் ஏறிய பிறகே போய்ச் சேரும் தொலைவில் இருந்தது. அங்கே ஒடித்த கதிர் அரண்மனைக்கு வந்து சேர்வதற்குள் சக்கையாகிவிடும். அது மகரபூஷணருக்குத் தெரியும். தனக்கும் தெரியும் என்பதுதான் வேம்பனின் வேதனை.

வீட்டில் அவன் மனைவி செல்லாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங்க, உங்க வாய்க்கு ஒரு பூட்டுப் போடக் கூடாதுங்களா? எலியப் பத்தி உங்களுக்கென்னங்க கவலை?"

"எலியப் பத்தி இல்ல புள்ள. மழை பொய்ச்சா சனம் எதத் திங்கும்? அந்த வெள்ளச் சோளம் காஞ்சா வத்திச் சுருங்கி வெறுந்தோலாப் போகுது. நம்ம விதையப் பாத்தியல்ல?"

"அதச் சிரிக்காமச் சொல்லியிருக்கலாமுல்ல?" என்றாள் அவள். 

நிலத்தோரமே குடிசை போட்டுக்கொண்டு விதைத்தான். முளைத்தது. தோளுயரம் வந்தது. மற்றவர்கள் பயிர் வளர்வதைப் பார்த்துப் பூரிப்பார்கள். வேம்பனுக்கு ஒவ்வொரு புது இலையும் நாள் நெருங்குவதாகத் தோன்றியது. போதாததற்கு அரண்மனையில் தலை வெட்டும் இருளப்பன் ஒருநாள் வரப்பில் வந்து நின்றான். தங்கமான மனுஷன். அவன் தொழில்தான் அப்படி.

"அண்ணா, திருநாளன்னைக்குத் தலைக்கு எண்ணெ வெச்சுக்காதீங்க. பிடி வழுக்குதுங்க. உங்களுக்கு வலிக்கக் கூடாதேன்னு சொல்றேன்."

வேம்பன் சிரிக்கப் பார்த்தான். பல் மட்டும் தெரிந்தது. அன்றைக்குப் பிறகு அவன் சரியாகத் தூங்கவில்லை, சோறும் இறங்கவில்லை. ஊரைச் சிரிக்க வைத்தவன் வாயில் ஒரு வேடிக்கைப் பேச்சுக்கூட வரவில்லை. அதுதான் செல்லாத்தாளை அதிகம் பயமுறுத்தியது.

பயிர் பூவெடுக்கும் சமயம் வேம்பன் மேற்கு வேலியோரம் போனவன் அப்படியே நின்றுவிட்டான். வேலிக்கு அந்தப்புறம் மகரபூஷணரின் நிலம். தரிசாகக் கிடந்த அந்த நிலத்தில் ஓசையில்லாமல் மஞ்சள் சோளம் வளர்ந்திருந்தது. அதற்கும் அதே சமயத்தில் ஆண்பூ விரியப் போகிறது. மேற்கிலிருந்து காற்று வேறு வீசிக்கொண்டிருந்தது. வேம்பன் சோளக்காட்டில் பிறந்தவன். காற்றில் வரும் மஞ்சள் சோளத்துப் பூந்தூள் வெள்ளைக் கதிரின் முடியில் விழுந்தால், முத்து மஞ்சளாகத்தான் பிடிக்கும், தின்றால் மாவாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"செத்தேன் புள்ள" என்றான் வீட்டுக்கு வந்து. "தூரத்த ஒருவழியாச் சமாளிக்கலாம்னு இருந்தேன். இப்பக் காத்தையும் ஏவி விட்டுட்டான்."

செல்லாத்தாள் எழுந்து போனாள். பெட்டியைத் திறந்து தன் கல்யாணப் புடவையை எடுத்தாள். பல்லால் கடித்து நுனியைக் கிழித்தாள்.

"அய்யோ, அது எதுக்கு?"

"பொறவு எதுக்குங்க வெச்சிருக்கறது? கதிருக்கு முடி வெளிய வர்றதுக்கு முன்னாலயே துணியச் சுத்திக் கட்டோணும். நம்ம பூவுக்கும் கட்டோணும். நம்ம தூள நாமளே உதறி விட்டுட்டு மறுபடி மூடிடோணும். எந்திரிங்க, அழுகிறத நடந்துக்கிட்டே அழுவலாம்."

புடவை எத்தனை துண்டானதோ அத்தனை கதிருக்குத்தான் காப்பு. மற்றதெல்லாம் காற்றின் பங்கு. காலையில் பனி காய்ந்ததும் இருவரும் துணியை அவிழ்ப்பார்கள், தூளை உதறுவார்கள், கட்டுவார்கள். கை நடுங்கி வேம்பன் பாதித் தூளைக் கீழே கொட்டுவான். அவள் திட்டுவாள்.

திருநாள் வந்தது. அன்று அரசருக்கு எண்ணெய்க் குளியல். உடம்பு பிடித்து, சீயக்காய் தேய்த்து, சாம்பிராணி போட்டு அவர் வெளியே வருவதற்குள் ஊர் பாதி வேலையை முடித்துவிடும். முந்தின நாளே கோட்டைக்கு வந்திருந்த வேம்பன், விடியலிலேயே சபா மண்டபத்துக்குப் போய்ப் பல்லக்குத் தூக்கிகளைக் கூப்பிட்டான். "இன்று அரசர் அரியணையில் அமர்ந்து கதிர் உண்ணப் போகிறார். தெரியுமல்லவா? வண்டியில் ஏற்றுங்கள்." அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அவர்களும் ஏற்றினார்கள். வண்டி கோட்டையைத் தாண்டும்வரை வேம்பன் திரும்பியே பார்க்கவில்லை.

குளித்து வந்த அரசர் அரியணை இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே நாலு கால் தடமும் கொஞ்சம் தூசியும் இருந்தன. "அரியணை எங்கே?" என்ற கர்ஜனையில் மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. செய்தி தெரிந்ததும் வாய்கூட நனைக்காமல் குதிரை ஏறினார். பின்னால் மகரபூஷணர், அவருக்குப் பின்னால் கத்தியோடு இருளப்பன்.

சோளக்காட்டு நடுவில் அரியணை பளபளவென்று நின்றது. பக்கத்தில் மூன்று கல் கூட்டிய அடுப்பு. செல்லாத்தாள் ஊதிக்கொண்டிருந்தாள். உலை தளதளத்தது. வேம்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். 

"அற்பனே! என் முன்னோர் அமர்ந்த அரியணையைத் திருடினாயா?"

"அரசே, அரியணையில் அமர்ந்து உண்பது தங்கள் ஆணை. அரியணை எங்கே இருக்கவேண்டும் என்பது ஆணையில் இல்லை. கதிர் பயணம் போனால் இனிப்பு இறங்கிவிடும். அரியணை பயணம் போனால் எதுவும் இறங்காது. ஆகவே அதைக் கூட்டிவந்தேன். பிழையென்றால் இருளப்பனும் வந்திருக்கிறான்."

அரசருக்குப் பசி. மூக்கில் உலையின் ஆவி ஏறியது. முறைத்துக்கொண்டே அமர்ந்தார். மகரபூஷணர் முந்திக்கொண்டார். "இவன் பொறுக்கி எடுப்பான், அரசே. நானே ஒடிக்கிறேன்." வேலியோரம் போய்த் துணி கட்டாத கதிர் ஒன்றை ஒடித்துவந்து, உரித்து உலையில் போட்டார். அரசர் கடித்தார். மென்றார். துப்பினார்.

"மாவு!"

இருளப்பன் வருத்தத்தோடு கத்தியைத் தோளிலிருந்து இறக்கினான்.  வேம்பனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செல்லாத்தாள் ஊதுகுழலால் அவன் விலாவில் ஒரு குத்துக் குத்தினாள். அதில்தான் பேச்சு வந்தது.

"அ... அரசே! நான் விதைத்தது தாங்கள் தந்த வெள்ளை விதை. தங்கள் கையிலிருக்கும் கதிரைப் பாருங்கள். பாதி முத்து மஞ்சள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் அப்பன் யாரென்று தெரியாதா? வேலிக்கு அப்பால் இருக்கும் மஞ்சள் சோளம் யாருடையது என்று அதிகாரியைக் கேளுங்கள்."

அரசர் வேலியைப் பார்த்தார். "உம் நிலம் அல்லவா அது? மஞ்சள் சோளம் ஆகாதென்று நான் சொன்ன பிறகா விதைத்தீர்?"

"காற்று அடித்தால் அடியேன் என்ன செய்வேன், அரசே?" என்று மகரபூஷணர் கைபிசைந்தார்.

அதற்குள் வேம்பன் காட்டுக்குள் ஓடிப் புடவைத்துண்டு கட்டிய கதிர்களை ஒடித்துவந்தான். உரிக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான். கை நடுங்கிக் கொட்டிய தூளெல்லாம் நினைவுக்கு வந்தது. திறந்து பார்த்தான். அங்கங்கே முத்துப் பிடிக்காமல் பொக்கையாக இருந்தாலும், இருந்த முத்தெல்லாம் வெள்ளை. உலையில் போட்டு எடுத்து நீட்டினான்.

அரசர் கடித்தார். சாறு மீசையில் வழிந்தது. இன்னொன்று கேட்டார். பிறகு இன்னொன்று. வேம்பன் கழுத்தைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"துறைமுகத்துச் சுவைதான்" என்றார் கடைசியில். "சொல், எந்த நிலத்தில் எந்தச் சோளம்?"

"தங்கள் ஆணைப்படி நாடு முழுதும் தேன்சோளமே போடலாம், அரசே. ஆனால் ஒடித்த இடத்திலேயே உண்டால்தான் இனிப்பு. ஆகவே நாளை அரியணை பக்கத்து ஊர்க் காட்டுக்கு, மறுநாள் அதற்கடுத்த ஊருக்கு. ஆண்டு முழுதும் தாங்கள் வண்டியிலேயே ஆளலாம். கோடையில் மட்டும் எந்த ஊரிலும் நிறுத்தக் கூடாது. குதிர் காலியாக இருக்கும், ஜனங்கள் அரியணையையே விறகாக்கிக் கஞ்சி காய்ச்சிவிடுவார்கள். அதுவும், கஞ்சிக்குத் தானியம் கிடைத்தால்."

 இருளப்பன் அரசரின் முகத்தைப் பார்த்தான். அரசர் வயிறு குலுங்கத் தொடங்கியது. பிறகு தோள். பிறகு, அரியணையே ஆடும்படி அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அரண்மனை மடைப்பள்ளிக்குப் பின்னால் ஒரு பாத்தி தேன்சோளம் போதும். நாடு மஞ்சள் சோளமே விதைக்கட்டும், அந்தப் பாத்திக்கு எட்டாத தூரத்தில். மகரபூஷணரே, அந்தப் பாத்தி பூக்கும் காலத்தில் நீர் மேற்கே நின்று உம் மேலாடையை விரித்துக் காற்றைத் தடுக்கவேண்டும். காற்றுதானே குற்றவாளி?"

வேம்பனுக்குத் தன் கைக்காப்பையே கழற்றிப் பரிசளித்தார். இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். அவன் செல்லாத்தாளுக்கு ஒரு கல்யாணப் புடவை கேட்டான். அரண்மனையிலிருந்து பட்டுப்புடவை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் செல்லாத்தாள் மிஞ்சிய தேன்சோளத்தில் ஒன்றை அவித்து அவன் முன் வைத்தாள். "இத்தன பாடு பட்டீங்க. ஒண்ணாவது தின்னு பாருங்க."

வேம்பன் கதிரைத் தள்ளி வைத்தான். "அதப் பாத்தாலே கழுத்து கூசுது புள்ள. மஞ்சச்சோளக் கூழு இருந்தா ஊத்து."

ஊற்றினாள். இனிப்பு இல்லை, உப்பும் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு வாயும் தொண்டையில் இறங்குவதைக் கை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே வேம்பன் குடித்தான். இறங்கத் தொண்டை இருந்தது. நாட்டில் எல்லாருக்கும் குடிக்கக் கூழும் இருந்தது.