மீசையில் எந்தப் பாதி?

மீசையாலேயே பேர் வாங்கிய ராஜா ஒருவர் இருந்தார். குன்றையூரை ஆண்ட கோவிந்தச் சேதிராயர்தான் அவர். அவர் சபைக்குள் நுழையும்போது முதலில் மீசை வரும், அடுத்து மூக்கு வரும், அதற்குப் பிறகுதான் ராஜா வருவார்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் ஓர் ஆணை போட்டார்.

"என் ஆட்சியில் பொய் கூடாது. பொய் சொன்னவன் எவனாக இருந்தாலும் அவன் மீசையில் பாதியைச் சிரைத்துவிடுங்கள்!"

ஊரில் ஆண்கள் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். "குழம்பு எப்படி இருக்கிறது?" என்று மனைவி கேட்டால், ஒரு கையால் மீசையைப் பொத்திக்கொண்டு மறு கையால் சோற்றைப் பிசைந்தார்கள்.

முதலில் மாட்டியவன் யானைக் கொட்டில் அதிகாரி வெள்ளையப்பன்.

"நேற்று முழுக்க உன்னைக் கொட்டிலில் காணோமாமே, எங்கே போனாய்?" என்று சபையில் ராஜா கேட்டார்.

"பட்டத்து யானைக்கு வயிற்றுவலி மகாராஜா. தோப்புக்கு ஓட்டிப்போய், பக்கத்திலேயே உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொடுத்தேன்."

"பொய்!" ராஜா எழுந்தே விட்டார். "நீ சேவல் சண்டைக்குப் போயிருந்தாய். கருஞ்சேவல் ஜெயித்ததும் வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் குதித்தாயே! நாவிதரைக் கூப்பிடுங்கள்!"

வெள்ளையப்பன் தடாலென்று காலில் விழுந்தான். "தப்புத்தான் மகாராஜா. நாளை மறுநாள் என் மகளுக்குக் கல்யாணம். பாதி மீசையோடு பந்தலில் நின்றால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? மாப்பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்களே!"

"சட்டம் சட்டம்தான்."

நாவிதர் மருதப்பன் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். அப்போது அவைப்புலவர் அம்பலத்தாடி மெல்லத் தொண்டையைச் செருமினார். குன்றையூரில் ராஜாவிடம் வாய் கொடுக்கத் துணிந்த ஒரே ஆள் அவர்தான்.

"எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் மகாராஜா. அவன் வேட்டி அவிழ்ந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!"

சொன்ன பிறகுதான் ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்படியா? நேற்று பொழுதெல்லாம் மகாராஜா வடதேசத்துத் தூதரோடு ரகசியப் பேச்சில் இருந்ததாக ராணியம்மா சொன்னார்களே!"

ராஜா அம்பலத்தாடியைத் தூண் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"சத்தம் போடாதீரும்! ராணியின் தம்பி வந்திருக்கிறார். வந்தால் பாடுவார். பாடினால் நிறுத்தமாட்டார். அதற்குப் பயந்து, தூதர் வந்திருக்கிறார் என்று ராணியிடம் சொல்லிவிட்டு, தலைப்பாகையை முகம் மறையக் கட்டிக்கொண்டு ஓடினேன்."

"அப்படியானால் பொய்..."

"அது எப்படிப் பொய்யாகும்? சபையில் நான் ராஜா. இங்கே என் வாக்கு கல்வெட்டு. வீட்டில் நான் வெறும் புருஷன். புருஷன் என்றால் நாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கும். ராஜா வேறு, புருஷன் வேறு!"

"புரிந்துவிட்டது மகாராஜா!" என்று முகம் மலர்ந்த அம்பலத்தாடி நாவிதரைக் கைதட்டி அழைத்தார். "மருதப்பா, இப்படி வா. இந்த மீசைக்கு இரண்டு பேர் சொந்தக்காரர்கள். வலது பாதி ராஜாவுடையது, அவர் பொய்யே சொல்லாதவர். அதில் கை வைத்துவிடாதே. இடது பாதி புருஷனுடையது. அதை மட்டும் எடுத்துவிடு."

மருதப்பன் கத்தியோடு தூண் பக்கம் வந்தார். ராஜாவின் முகம் சிவந்தது. அவர் தூணுக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். வெள்ளையப்பன் இன்னும் தரையில் குப்புறக் கிடந்து விம்மிக்கொண்டிருந்தான். அவனும் அதே சேவலைத்தான் பார்த்தான், அதே மாதிரிதான் பொய் சொன்னான் என்பது ராஜாவின் மனதில் சுருக்கென்று தைத்தது.

ராஜா நேரே சபை நடுவே வந்து உட்கார்ந்தார்.

"மருதப்பா, முதலில் என் மீசை. நானும் நேற்று பொய் சொன்னேன். வீட்டில் சொன்னாலும் பொய் பொய்தான்."

சபையே வாயைப் பிளந்தது. சரக் சரக்கென்று இடது பாதி மடியில் விழுந்தது. அடுத்து வெள்ளையப்பனுக்கும் அதே கதி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விழித்தார்கள்.

"மகாராஜா, பாதியை எடுக்கச் சொல்லித்தானே ஆணை?" என்றார் அம்பலத்தாடி. "மீதியை வைத்துக்கொண்டே ஆகவேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லையே!"

அடுத்த நிமிடம் இரண்டு முகமும் துடைத்துவைத்த வெண்கலச் சொம்பு மாதிரி பளபளத்தன. வெள்ளையப்பனின் கல்யாணக் கவலையும் தீர்ந்தது. ராஜாவே மீசையை எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்ட சம்பந்தி, இதுதான் புது நாகரிகம் போலிருக்கிறது என்று தானும் மழித்துக்கொண்டுதான் பந்தலுக்கு வந்தார்.

அன்று சபை கலைவதற்குள்ளேயே செய்தி அந்தப்புரத்துக்குப் போய்விட்டது. ராணி செண்பகவல்லி தம்பியோடு பதறிக்கொண்டு வந்தாள்.

"அத்தான்! மீசை எங்கே?" என்று அலறினார் மைத்துனர்.

ராஜா ஒருமுறை அம்பலத்தாடியைப் பார்த்தார். அவர் மேல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை.

"செண்பகம், நேற்று தூதரும் வரவில்லை, ஒருவரும் வரவில்லை. உன் தம்பி பாட்டுக்குப் பயந்து சேவல் சண்டைக்கு ஓடினேன். பொய் சொன்னதற்குத் தண்டனையாக மீசை போயிற்று."

ராணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "நிஜத்தைச் சொன்னீர்களே, அதுவே போதும். நானும் நேற்று காதுவலி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். எனக்கு எடுக்க மீசைதான் இல்லை!"

மைத்துனருக்கோ கோபமே வரவில்லை. அவர் கண்கள் குளமாகின.

"என் பாட்டு ஒரு ராஜாவின் மீசையையே வீழ்த்திவிட்டதா! அத்தான், இதை இப்போதே ஒரு பாட்டாகப் பாடியாக வேண்டும். தம்புராவைக் கொண்டுவாருங்கள்!"

ராஜா அம்பலத்தாடியின் காதில் கிசுகிசுத்தார். "என்னய்யா இது? பொய் சொன்னால்தான் தண்டனை என்று பார்த்தால், உண்மைக்குமா?"

"பொய்க்குப் போனது மீசை மகாராஜா, அது ஒரு மாதத்தில் முளைத்துவிடும். உண்மைக்குப் போகப்போவது காது. அதற்கு நான் பொறுப்பில்லை."

ராஜா தொப்பை குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டார். நைசாக வாசல் பக்கம் நழுவப் பார்த்த புலவரின் அங்கவஸ்திரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மாலை உமக்கு. பாட்டு நம் இரண்டு பேருக்கும். உட்காரும்!"