யாளிக் குட்டியும் தவிட்டியின் கையும்

ஒரு காட்டில் யாளிப் பள்ளம் என்று ஓர் இடம் இருந்தது. சிங்க உடம்பும் யானைத் துதிக்கையும் கொண்ட யாளி முன்னொரு காலத்தில் அங்கே வாழ்ந்ததாம். "அதெல்லாம் எப்பவோ கல்லாப் போச்சு" என்று குரங்குகள் பேசிக்கொண்டன. யாளியை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்கப் போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை என்பதைத்தான் ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்தக் குரங்குக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு அடிபட்டால் போதும், கூட்டமே திரண்டு வந்துவிடும். ஆளுக்கு ஒரு தடவை புண்ணைப் பிரித்துப் பார்த்து, "ஐயோ பாவம்!" என்று சொல்லிவிட்டுத்தான் போகும். பார்க்காமல் போனால் ஈவிரக்கமில்லாத ஜென்மம் என்று பெயராகிவிடும்.

அந்தக் கூட்டத்திலேயே இளகிய மனசுக்காரி தவிட்டி என்ற பெண் குரங்கு. போன மழைக்காலத்தில் அவளுடைய மூத்த குட்டி முள் குத்தி இறந்துபோனது. சின்ன முள்தான். எல்லாரும் தினமும் வந்து பார்த்தார்கள். தவிட்டியே நாளைக்குப் பத்துத் தடவை பார்த்தாள். "இவ்வளவு பாசமாப் பாத்தும் பொழைக்கலையே, எல்லாம் விதி!" என்று சொல்லிவிட்டுக் கூட்டம் கலைந்தது. இப்போது அவள் வயிற்றைக் கட்டிக்கொண்டு இரண்டாவது குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பால் மறக்காத குட்டி.

ஒரு நாள் அத்திப்பழம் தேடிக் கூட்டம் யாளிப் பள்ளத்தில் இறங்கியது. அங்கே ஒரு பெரிய பாறையின் ஓரமாக ஏதோ ஒரு குட்டி சுருண்டு படுத்திருந்தது. முதலில் பார்த்தவள் தவிட்டிதான்.

"எல்லாரும் இங்க வாங்க! பாவம், முன்னங்கால்ல அடிபட்டுக் கிடக்கு!"

கூட்டத்தின் தலைவன் மிடுக்கன் வந்தான். தவிட்டியின் நாத்தனார் கீச்சி வந்தாள். பின்னாலேயே மொத்தக் கூட்டமும் வந்தது.

"இது சிங்கக் குட்டியால்ல இருக்கு" என்றான் மிடுக்கன்.

"துதிக்கை இருக்கே மாமா, யானைக் குட்டிதான்" என்றாள் கீச்சி.

"யானைக்கு ஏதும்மா பிடரி மயிரு?"

"எதுவா இருந்தா என்ன?" என்று தவிட்டி குறுக்கிட்டாள். "பெத்தவளைக் காணோமே! இப்படி விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சோ, பாவி!"

குட்டியின் காலில் மென்ற பச்சிலையும் செம்மண்ணும் அப்பிக் காய்ந்திருந்தன. அதன் அடியில் புண் மூடியிருந்தது. குட்டி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நன்றாகத் தூங்குகிறதே, விட்டுவிடுவோம் என்று ஒரு குரங்குக்காவது தோன்ற வேண்டுமே! தோன்றவில்லை.

"சேறா அப்பிக் கிடக்கு. உள்ள எப்படி இருக்கோ" என்று சொல்லித் தவிட்டி மண்ணை உரித்தாள். மெல்லிய விரல் அவளுக்கு. குட்டி லேசாக முனகியது. "ஒண்ணுமில்லடா தங்கம், பாத்துட்டு விட்டுடறேன்" என்று தடவிக்கொடுத்தாள்.

"தள்ளு, நான் பாக்கறேன்" என்று மிடுக்கன் புண்ணின் ஓரத்தை விரித்தான்.

"எனக்குச் சரியாத் தெரியல, அண்ணி" என்று கீச்சி இன்னும் கொஞ்சம் விரித்தாள்.

இடம் போதாமல் நாலைந்து பேர் பாறைமேல் ஏறி எட்டிப் பார்த்தார்கள். கீச்சிக்குப் பிறகு இன்னும் இரண்டு விரல்கள் புண்ணைத் தொட்டன. பொருக்கு மொத்தமாகப் பெயர்ந்தது. ரத்தம் குபுகுபுவென்று கொட்டியது. குட்டி வீறிட்டுக் கத்தியது.

பாறை கண்ணைத் திறந்தது.

ஆமாம், குழந்தைகளே, அந்தப் பாறைதான்! அது எழுந்து நின்றது. மேலே இருந்த குரங்குகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. பாறையிலிருந்து ஒரு துதிக்கை நீண்டது. இரண்டு தந்தங்கள் நிமிர்ந்தன. பிடரி மயிரிலிருந்து மண் கொட்டியது. தாய் யாளி!

கண் மூடித் திறப்பதற்குள் குரங்குகள் மர உச்சியில் இருந்தன. எல்லாருக்கும் முந்தி ஏறியவன் மிடுக்கன். தவிட்டிக்கு மட்டும் கால் நகரவில்லை.

"யார் திறந்தது?" என்று கேட்டது யாளி.

"பா... பாசத்துல... பாக்கலாம்னு..."

"மூன்று பகலும் மூன்று இரவும் நக்கி நக்கி மூடிய புண் அது. இன்று காலையில்தான் மூடியது. அதன் பிறகுதான் நான் கண்ணயர்ந்தேன்."

தவிட்டி, அடி விழப்போகிறது என்று கண்களை இறுக மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. வயிற்றுப் பக்கம் மட்டும் திடீரென்று லேசானது. கண்ணைத் திறந்து பார்த்தால், அவளுடைய குட்டி யாளியின் துதிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, என் புள்ள!"

"என் பாதமும் முரடு, துதிக்கையும் முரடு" என்றது யாளி. "பிரித்த கையே மூடட்டும். புண்ணின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்து. நான் சொல்லும் வரை எடுக்காதே. என் குட்டி பிழைத்தால் உன் குட்டி உனக்கு. நடுவில் ஒரு முறை தூக்கிப் பார்த்தாலும் உன் குட்டியை மறந்துவிடு."

தவிட்டி அழுத்தினாள். விரலிடுக்கில் சூடாக ரத்தம் வழிந்தது. அப்போது சூரியன் உச்சியில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மரத்தின் மேலிருந்து குரல்கள் வந்தன.

"அண்ணி, ரத்தம் நின்னுடுச்சா?"

"லேசாத் தூக்கிப் பாரு தவிட்டி! பாத்தாத்தானே தெரியும்?" என்று மிடுக்கன் யோசனை சொன்னான். மர உச்சியில் இருந்துகொண்டு யோசனை சொல்வதற்கு என்ன குறைச்சல்!

தவிட்டியின் விரல்கள் துறுதுறுத்தன. உள்ளே என்ன ஆயிற்றோ, சீழ் வைத்துவிட்டதோ? ஓரமாக ஒரே ஒரு விரலைத் தூக்கினால் என்ன? அப்போது அவள் குட்டி துதிக்கையில் தொங்கியபடியே "கீ" என்று அழுதது. பால் குடிக்கும் நேரம். தவிட்டி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினாள்.

வெயில் சாய்ந்தது. விரலிடுக்கில் ரத்தம் வழிவது நின்றது. யாளிக் குட்டியின் மூச்சு சீரானது. கடைசியில் அது தூங்கியே போயிற்று.

தவிட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்காத புண் ஆறுகிறதே! அப்படியானால் என் மூத்தவன்? சின்ன முள்தானே? நாளைக்குப் பத்துத் தடவை...

தலையில் இடி விழுந்தது போலிருந்தது அவளுக்கு. கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. துடைக்க வேண்டுமே என்று கை அசையப் பார்த்தது. அசைக்கவில்லை.

பொழுது இறங்கும் நேரத்தில் யாளி குனிந்து முகர்ந்து பார்த்தது.

"போதும். கையை எடு."

கை வரவில்லை. ரத்தம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் புண் திறந்துவிடுமே என்று தவிட்டி திகைத்தாள். யாளி நாக்கை நீட்டி, அவள் விரல்களை ஒவ்வொன்றாக நக்கி நனைத்து விடுவித்தது. பிறகு பச்சிலையும் மண்ணும் மென்று புண்ணின் மேல் அப்பியது. தவிட்டியின் குட்டியை அவள் மடியில் இறக்கிவிட்டது.

தந்தம் உரசியதில் குட்டியின் முதுகில் ஒரு கீறல் விழுந்திருந்தது. தவிட்டி குட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தை விட்டு மேலே ஓடினாள். மரத்திலிருந்து இறங்கி மேட்டில் காத்திருந்த கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"ஐயோ, குழந்தைக்கு அடிபட்டிருக்கே! காட்டு, காட்டு, நான் பாக்கறேன்!" என்று மிடுக்கன் கையை நீட்டினான்.

தவிட்டி கீறலை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பல்லைக் காட்டி உறுமினாள்.

"யாராவது தொட்டீங்க, கடிச்சுக் குதறிடுவேன்!"

கூட்டம் அரண்டு பின்வாங்கியது. இளகிய மனசுக்காரி தவிட்டியா இப்படி?

"பெத்த புள்ள மேலயே பாசமில்லாதவளா ஆயிட்டா" என்று கீச்சி மூக்கில் விரலை வைத்தாள்.

தவிட்டி கையை எடுக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஆறிய தழும்போடு வளர்ந்த முதல் குட்டி அதுதான்.

நீதி: புண்ணைப் பிரித்துப் பார்ப்பது பரிவு அல்ல, ஆற விடுவதே பரிவு.